எச்.ஆருக்கு எதுக்குண்ணே சிசி போட்டீங்க?



போன எபிசோடில், ஒரு மெயில் நம்ம கையிலிருந்து கிளம்பி அடுத்தவர் இன்பாக்ஸில் விழும் வரைக்கும் நடுவில் என்னென்ன நடக்குது என்று பேசினோம். சர்வர், டி.என்.எஸ், ஸ்பாம் ஃபில்டர் என்று ஓடியது. கேட்டுவிட்டு எழுதியவர்கள் சர்வரைப் பத்தி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வந்ததெல்லாம் ஒரே மாதிரி: "அதெல்லாம் சரிங்க, சிசி யாருக்குப் போடணும்? பிசிசி எப்போ போடலாம்?"

இதை மைக்கில் பேசினால் சிரிப்பாகப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். சிசி விஷயத்தில் நான் ஒருத்தனுக்குக் கெடுதல் பண்ணியிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2016. நான் அப்போது ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் கோஆர்டினேட்டர். ஆபீஸ் மனாமாவில், வீடு இதே ஈசா டவுனில், இந்தியன் ஸ்கூல் பக்கம். எங்கள் ஸ்டோர்ஸில் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் இருந்தான். ஒரு பில்டிங்கின் ஏசிக்கு கம்ப்ரஸர் தம்மாமிலிருந்து வரணும். ஆகஸ்ட் மாசம். ஆகஸ்டில் இங்கே ஏசி நின்றால் என்ன ஆகும் என்று வளைகுடாவில் இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரெண்டு நாளாகியும் பொருள் வரவில்லை. கிளையன்ட் போன் மேல் போன். நான் உட்கார்ந்து ஒரு மெயில் அடித்தேன். மூணே வரி. பொருள் வரவில்லை, ஏன் தாமதம், இன்றைக்குள் பதில் தேவை. திட்டு எதுவும் கிடையாது. 'ப்ளீஸ்' கூட இருந்தது. டூவில் தம்பி. சிசியில் அவனுடைய சூப்பர்வைசர், புராஜெக்ட் மேனேஜர், அப்புறம் கை தானாகப் போய் எச்.ஆர்.

அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவைத் தட்டினான். கையில் ரெண்டு கரக் டீ. சண்டை போட வந்தவன் டீ வாங்கிக்கொண்டு வரமாட்டான், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உட்கார்ந்தான். ஒரு வாய் குடித்தான். "எச்.ஆருக்கு எதுக்குண்ணே சிசி போட்டீங்க?" என்றான்.

கம்ப்ரஸர் ஏற்றிய லாரி கிங் ஃபஹத் காஸ்வேயில் கஸ்டம்ஸ் பேப்பருக்காக நின்றுகொண்டிருந்தது. அதைக் காலையிலேயே எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். நான்தான் பார்க்கவில்லை. அடுத்த மாசம் அவனுக்கு கான்ட்ராக்ட் ரினியூவல். எச்.ஆரில் என் மெயிலைப் பிரிண்ட் எடுத்து அவன் ஃபைலில் வைத்து, எழுத்தில் எக்ஸ்பிளனேஷன் கேட்டுவிட்டார்கள். ரினியூவல் பெண்டிங். ரினியூவல் ஆகாமல் லீவு கிடைக்காது. அக்கா வளைகாப்புக்குப் போக டிக்கெட் விலை எல்லாம் பார்த்து வைத்திருந்தான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக எச்.ஆருக்கு எழுதினேன், தகவல் எனக்கு முன்னாடியே வந்திருந்தது, கவனிக்காதது நான்தான் என்று. ரினியூவல் ஆச்சு. ஆறு வாரம் கழித்து. வளைகாப்பை அவன் இமோவில் பார்த்தான், நெட் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

நான் எழுதின மூணு வரியில் இன்றைக்குப் படித்தாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. குற்றச்சாட்டு முழுக்க சிசி வரியில் இருந்தது. யார் பெயரெல்லாம் மேலே இருக்கு என்று பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே படிக்கிறோம். எச்.ஆர் பெயர் இருந்தால் அது புகார். பெரிய முதலாளி பெயர் இருந்தால் மிரட்டல். நாம் "சும்மா தகவலுக்கு" என்று நினைத்துக்கொண்டு போட்டிருப்போம். ஊரில் இதனால் அப்ரைசலில் ஒரு மார்க் குறையலாம். இங்கே வேலையும் விசாவும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கு. கயிற்றின் ஒரு முனையை ஆட்டினால் மறுமுனையில் ஒரு குடும்பமே ஆடும்.

நம்ம ஊர் 'நகல்'

சிசி என்றால் கார்பன் காப்பி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் எழுதினவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ரெண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் ஒரு நீலமோ கறுப்போ கார்பன் தாள், மெஷினில் சொருகி அடித்தால் ஒரே அடியில் ரெண்டு பிரதி. இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் 1806-லேயே கார்பன் தாளுக்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். டைப்ரைட்டர் ஆபீஸ்களுக்கு வந்தது அதற்கு ரொம்ப காலம் கழித்து. கார்பனில் நாலாவது அஞ்சாவது பிரதி மங்கிவிடும், அதனால் யாருக்கு நகல் என்று யோசித்துத்தான் தாள் சொருகுவார்கள். இப்போது ஐம்பது பேரைச் சேர்க்க ஒரு காசு செலவில்லை, விரல் வலியும் இல்லை. நம்ம பிரச்சினையில் பாதி அங்கேதான் ஆரம்பிக்குது என்பது என் கட்சி.

பிசிசியின் 'பி' என்பது பிளைண்ட், குருட்டு நகல். டைப்பிஸ்ட் முதல் பிரதிகளை உருவிவிட்டு, ரகசிய நகல் போகிற தாளில் மட்டும் அந்தப் பெயரைத் தனியாக அடிப்பார். முதல் தாளை வாங்குகிறவருக்கு அப்படி ஒரு நகல் போனதே தெரியாது.

தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. கீழே, கையெழுத்துக்குப் பிறகு, 'நகல்' என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்கும். ஒருத்தருக்குத் தகவலுக்காக, இன்னொருத்தருக்குத் தக்க நடவடிக்கைக்காக. மேலதிகாரி என்றால் 'பணிந்தனுப்பலாகிறது' என்று மரியாதையும் சேர்ந்து வரும். நமக்கு இது அரசாங்க நடையின் வளவளப்பு மாதிரித் தெரியும். நான் சொல்வேன், சிசி விஷயத்தில் ஜிமெயிலைவிட தாலுகா ஆபீஸ் புத்திசாலி. நகல் வாங்குகிறவருக்கு "என்னை எதுக்கு இதில் இழுத்தீங்க" என்ற கேள்வியே வராது. மெயிலில் பெயர் மட்டும் தனியாக நிற்குது, காரணத்தை ஆளாளுக்குக் கற்பனை பண்ணிக்கொள்கிறார்கள்.

அதனால் நான் இப்போது செய்கிற ஒரே பெரிய காரியம் இதுதான். சிசியில் யாரையாவது சேர்த்தால், மெயிலின் முதல் வரியிலோ கடைசியிலோ ஏன் என்று எழுதிவிடுவேன். "அக்கவுன்ட்ஸ் பார்வைக்கு மட்டும், நீங்கள் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை." "அடுத்த வாரம் நான் லீவு, அதனால் இவரையும் சேர்த்திருக்கிறேன்." அந்த வரியை எழுத முடியவில்லை, காரணம் வாயில் வரமாட்டேங்குது என்றால், பெயரை எடுத்துவிடுவேன். அன்றைக்கு எச்.ஆர் பெயருக்குப் பக்கத்தில் காரணம் எழுத உட்கார்ந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? 'பயமுறுத்துவதற்காக' என்றுதான் எழுதியிருக்கணும்.

ஒரு சின்ன விலகல். "இமெயிலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர்" என்ற ஃபார்வர்டு எல்லா ஃபேமிலி குரூப்பிலும் சுற்றுது, போன எபிசோடுக்கும் அதைக் கேட்டு எழுதியிருந்தார்கள். அவர் சிவா அய்யாதுரை. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா போனவர். 1978-ல், பதினாலு வயதில், நியூஜெர்சியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக அலுவலக மெமோ முறையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் புரோகிராம் எழுதினார். பெயர் 'இமெயில்'. 1982-ல் அதற்குப் பதிப்புரிமை வாங்கினார். பதினாலு வயதுப் பையனுக்கு இது பெரிய சாதனை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பதிப்புரிமை என்பது எழுதின புரோகிராமுக்கு. கண்டுபிடிப்புக்கான காப்புரிமை வேறு. நெட்வொர்க்கில் ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு, நடுவில் அட் குறி போட்டு, ரே டாம்லின்சன் 1971-லேயே மெயில் அனுப்பிவிட்டார். சிசி, பிசிசி ரெண்டும் 1977 நவம்பரில் வந்த ஆர்.எஃப்.சி 733 என்ற ஆவணத்திலேயே இருக்கு. கண்டுபிடித்தவர் தாமே என்று அவர் இன்றும் சொல்கிறார், கம்ப்யூட்டர் வரலாறு எழுதுகிறவர்கள் ஏற்கவில்லை. குரூப்பில் சண்டை வேண்டாம், இந்தப் பத்தியைப் போட்டுவிடுங்கள். விலகல் முடிந்தது.

கவரும் பத்திரிகையும்

பிசிசி எப்படி மறையுது? கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அச்சடித்த பத்திரிகை எல்லாருக்கும் ஒன்றுதான். யார் வீட்டுக்குப் போகணும் என்பது கவரின் மேல் பேனாவால் எழுதியிருக்கும். தபால்காரர் கவரைத்தான் பார்ப்பார்.

மெயிலிலும் இதே கதை. நாம் திரையில் பார்க்கிற டூ, சிசி எல்லாம் உள்ளே இருக்கும் பத்திரிகை. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது "இது இன்னாருக்கு" என்று ஒவ்வொரு பெறுநரையும் தனியாகச் சொல்லும். அதுதான் கவர். 1982-ல் வந்த எஸ்.எம்.டி.பி இப்படித்தான் வேலை செய்யுது, இன்றைக்கும். பிசிசியில் இருப்பவருக்குக் கவர் உண்டு, பத்திரிகையில் பெயர் கிடையாது. உங்கள் பெயரே எங்கேயும் இல்லாமல் ஸ்பாம் மெயில் வருது பாருங்கள், அதற்கும் இதே காரணம்தான்.

ஆனால் ரகசியம் முழு ரகசியம் இல்லை. உங்களுடைய சென்ட் ஃபோல்டரில் பிசிசி பெயர் அப்படியே இருக்கும். கம்பெனி சர்வரின் பதிவேட்டில் யார் யாருக்குப் போச்சு என்று இருக்கும், ஐ.டி டிபார்ட்மென்ட் தேடினால் கிடைத்துவிடும். இது எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பிசிசியில் இருக்கிற ஆளின் கட்டைவிரல். எனக்குத் தெரிந்த ஒரு சைட்டில், சப்கான்ட்ராக்டருக்கு எழுதின கறாரான மெயிலில் ஜெனரல் மேனேஜரை பிசிசியில் வைத்தார் ஒருத்தர். ஜி.எம் போனில் பார்த்தார், சந்தோஷப்பட்டார், ரிப்ளை ஆல் தட்டினார். "நல்லது, இப்படியே விடாமல் பிடியுங்கள்." சப்கான்ட்ராக்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, இத்தனை நாளாக யார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று. அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆளுக்கு மெயிலே போடவில்லை, எல்லாம் ஸ்டாம்ப் அடித்த லெட்டர்தான். ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தருக்குக் காட்டணும் என்றால், மெயிலை அனுப்பிவிட்டு, சென்ட் ஃபோல்டரிலிருந்து தனியாக ஃபார்வர்டு பண்ணுங்கள். அவர் ரிப்ளை ஆல் அடித்தாலும் உங்களோடு நிற்கும். அது சரியா தப்பா என்பது உங்கள் மனசாட்சி. டெக்னிக்கலாக இதுதான் பத்திரம்.

பிசிசிக்கு நியாயமான வேலை ரெண்டு இருக்கு. ஒன்று, ஒருத்தரை மரியாதையாக வெளியே அனுப்புவது. நண்பர் உங்களை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "நன்றி, உங்களை பிசிசிக்கு மாற்றிவிட்டேன்" என்று முதல் பதிலில் எழுதிவிடலாம். அதற்குப்பின் நீங்கள் ரெண்டு பேரும் பேசுகிற நாற்பது மெயில் அவர் தலையில் விழாது. இன்னொன்று, ஒருத்தரை ஒருத்தர் தெரியாத கூட்டத்துக்கு அனுப்பும்போது முகவரிகளை மறைப்பது. இந்த ரெண்டாவதில்தான் உயிர் போகிற தப்பு நடந்திருக்கு.

2021 செப்டம்பர் 20. ஆப்கானிஸ்தான் தாலிபான் கைக்குப் போய் ஒரு மாசம். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் மற்ற வேலைகளிலும் இருந்து, ஊரிலேயே மாட்டிக்கொண்டு ஒளிந்திருந்தவர்களுக்கு பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஒரு மெயில் போச்சு. 245 பேர். பிசிசியில் போகவேண்டிய முகவரிகள் டூவில் போய்விட்டன. ஒவ்வொருத்தருக்கும் மத்த எல்லாருடைய முகவரியும் தெரிந்தது, 55 பேருக்குப் புரொஃபைல் படமும் சேர்த்து. அந்தப் பட்டியல் தப்பான கையில் போயிருந்தால் அது ஆள்தேடும் பட்டியல். அதற்கு மேல், ரெண்டு பேர் ரிப்ளை ஆல் அடித்தார்கள். அதில் ஒருத்தர், தான் இருக்கும் இடத்தையே எழுதியிருந்தார். விசாரித்ததில் அதே மாசம் 7-ஆம் தேதியும் 13-ஆம் தேதியும் இதே தப்பு சின்ன அளவில் நடந்திருந்தது தெரிய வந்தது. 2023 டிசம்பரில் அந்த நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் அமைச்சகத்துக்கு 3.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. தனி முகவரிகளை மறைக்க பிசிசியை மட்டும் நம்பியிருந்த ஏற்பாட்டைத்தான் அது குறை சொன்னது.

2015-ல் லண்டனில் ஒரு கிளினிக், எச்.ஐ.வி சேவை பெறுகிறவர்களுக்குச் செய்திமடல் அனுப்பியபோது இதே தப்பு. 781 முகவரி, அதில் 730-ல் முழுப்பெயர். 1.8 லட்சம் பவுண்டு அபராதம். போன பெயர் போனதுதான்.

இதை எழுதும்போது எனக்கு நம்ம ஊர் பி.ஆர்.ஓ மெயில்கள்தான் ஞாபகம் வருது. "எல்லாரும் சி.பி.ஆர் காப்பி, பாஸ்போர்ட் காப்பி இன்றைக்குள் அனுப்பவும்" என்று முப்பது பேரை டூவில் போட்டு ஒரு மெயில் வரும். ரிப்ளை ஆலில் முப்பது பாஸ்போர்ட்டும் முப்பது பேருக்கும் போகும். பிறந்த தேதி, அம்மா பெயர், ஊர் முகவரி எல்லாம். பஹ்ரைனில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2018-ன் 30-ஆம் எண் சட்டம், 2019 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கு. சட்டத்தை எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்குப் போகவேண்டாம். நீங்கள் அனுப்பும்போது ரிப்ளை மட்டும் அழுத்துங்கள், அது போதும். நீங்களே அந்த மெயிலை அனுப்புகிற ஆள் என்றால், அவுட்லுக், வேர்ட் ரெண்டையும் வைத்து மெயில் மெர்ஜ் பண்ணக் கத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. ஆளுக்கு ஒரு தனி மெயில் போகும். மறைக்க மறந்துபோக அங்கே ஒன்றும் இருக்காது.

சங்கங்களுக்கும் இதையே சொல்வேன். பொங்கல் விழா அழைப்பு நானூறு பேருக்கு டூவில் வந்து, அந்தப் பட்டியலை எடுத்து ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் எல்லாருக்கும் மெயில் போட்ட கதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

ரிப்ளை ஆல்

இதைப் பத்திச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஜோக்காக எல்லாரும் கேட்டதுதான். 1997-ல் மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே 'பெட்லாம் டிஎல்3' என்ற பட்டியலுக்கு ஒருத்தர் "என்னை ஏன் இதில் சேர்த்தீர்கள், எடுங்கள்" என்று எழுத, "என்னையும் எடுங்கள்" என்று ஆயிரக்கணக்கில் பதில் வந்து மெயில் சிஸ்டமே படுத்துவிட்டது. 2016 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு மருத்துவ சேவையில் ஒரு டெஸ்ட் மெயில் எட்டு லட்சத்துக்கு மேல் ஊழியர்களுக்குப் போய் இதே கூத்து. 2020-ல் மைக்ரோசாஃப்ட் ஒருவழியாக ஆபீஸ் 365-ல் இதற்கு ஒரு தடுப்பு வைத்தது. பெரிய பட்டியலில் ரிப்ளை ஆல் குவிந்தால், சில மணி நேரத்துக்கு அந்தத் திரியையே நிறுத்திவிடும். "தயவுசெய்து ரிப்ளை ஆல் அடிக்காதீர்கள்" என்று ரிப்ளை ஆல் அடிக்கிறவர் மட்டும் எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். அவருக்குத் தடுப்பு இன்னும் வரவில்லை.

சிசியில் நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு, கிழமை. பஹ்ரைனில் வெள்ளி, சனி லீவு. எமிரேட்ஸ் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, வெள்ளிக்கிழமை அரை நாள். சென்னைக்கு ஞாயிறு. நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுறுசுறுப்பாக துபாய்க்கும் சென்னைக்கும் ஒரு மெயில் போட்டு, சாயங்காலம் வரை பதில் இல்லை என்று அவர்களுடைய மேனேஜரை சிசியில் சேர்த்து "ஞாபகமூட்டல்" அனுப்பினால், திங்கட்கிழமை காலை இன்பாக்ஸைத் திறக்கிறவருக்கு எப்படி இருக்கும்? கேள்வியும் புகாரும் ஒரே நேரத்தில் வந்திருக்கும். நான் இப்போது ஒரு முறை தனியாக ஞாபகப்படுத்துவேன், ஒரு முறை போன் பண்ணுவேன். அதற்கும் பதில் இல்லை என்றால் மட்டும் மேலே சேர்ப்பேன். சேர்க்கப்போகிறேன் என்று அவரிடமே முன்னாடி சொல்லிவிட்டு. "நாளைக்குள் வரலைன்னா சாரையும் சேர்க்க வேண்டியிருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க." பத்தில் ஒன்பது தடவை நாளை வரைக்கும் போகத் தேவைப்படாது.

இவ்வளவு சொன்னதால் மேலே இருப்பவர்களை சிசியில் சேர்க்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யோசிக்காமல் சேர்க்கவேண்டிய இடமும் இருக்கு. கோடையில் மதியம் 12 முதல் 4 வரை வெளியே வெயிலில் வேலை வைக்கக்கூடாது என்று இங்கே தடை இருக்கு. அந்த நேரத்தில் ஆட்களை மொட்டைமாடிக்கு ஏற்றச்சொல்லி ஒரு சூப்பர்வைசர் சொன்னால், பதிலை எழுத்தில் போடுங்கள், சேஃப்டி ஆபீசரை சிசியில் போடுங்கள், புராஜெக்ட் மேனேஜரையும் போடுங்கள். சம்பளம் ரெண்டு மாசம் நின்றாலும் அப்படித்தான். அங்கே சிசி என்பது சாட்சி. சாட்சி இல்லாமல் வாயால் பேசினதெல்லாம் ஏர்போர்ட்டில் காணாமல் போய்விடும்.

சாட்சி என்றதும் சில பேர் செய்கிற ஒரு காரியம் ஞாபகம் வருது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீஸ் மெயில் எல்லாவற்றையும் தன் சொந்த ஜிமெயிலுக்கு பிசிசி போட்டுக்கொள்வது. புரியுது, பயம்தான் காரணம். ஆனால் கம்பெனி விவரங்கள் வெளியே போவதைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் நிறைய இடங்களில் ஓடுது, சிக்கினால் உங்கள் நியாயமான புகாரை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்வார்கள். உங்களுடைய கான்ட்ராக்ட், சம்பளச் சீட்டு, உங்களுக்கே எழுதின கடிதங்கள் ஆகியவற்றின் பிரதியை முறையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைப்பது மேல்.

வாங்குகிற பக்கத்துக்கு ஒரு டிப். ஜிமெயில் செட்டிங்ஸில் 'பர்சனல் லெவல் இண்டிகேட்டர்ஸ்' என்று ஒன்று இருக்கு, அதை ஆன் பண்ணினால் உங்கள் முகவரிக்கு வந்த மெயிலுக்கு ஒற்றை அம்புக்குறி, உங்களுக்கு மட்டுமே வந்ததற்கு இரட்டை அம்புக்குறி காட்டும். காலையில் இரட்டை அம்புகளை முதலில் பாருங்கள். அவுட்லுக்கில், என் பெயர் சிசியில் இருந்தால் தனி ஃபோல்டருக்குத் தள்ளு என்று ரூல் போடலாம். அப்புறம் ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 30 விநாடிக்கு உயர்த்தி வையுங்கள். இன்னொரு பழக்கம்: முதலில் மெயிலை எழுதுங்கள், முகவரிகளைக் கடைசியில் போடுங்கள். ஆட்டோஃபில் நாம் நினைக்காத ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். 2014-ல் ஜி20 மாநாட்டுக்கு வந்த ஒபாமா, புடின், மோடி உட்பட 31 தலைவர்களின் பாஸ்போர்ட் விவரங்களை ஆஸ்திரேலிய குடிவரவுத் துறை அதிகாரி ஒருத்தர் ஆசியக் கோப்பை கால்பந்து அமைப்பாளர்களுக்கு அனுப்பிவிட்டார். அவுட்லுக் பெயரை நிரப்பியது, அவர் பார்க்கவில்லை. முகமதும் செந்திலும் ஆளுக்கு நாலு பேர் இருக்கிற நம்ம ஆபீஸ்களில் கேட்கவே வேண்டாம்.

அந்தத் தம்பி இப்போது தோஹாவில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். போன வருஷம் ஒரு சப்ளையர் நம்பர் கேட்டு மெயில் போட்டிருந்தான். டூவில் நான் மட்டும்தான். கடைசி வரியில், "யாருக்கும் சிசி இல்லண்ணே, நிம்மதியா படிங்க."

இந்தக் கடிதம் உங்களுக்கு பிசிசியில் வரவில்லை, ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியாக வருது. நம்பிக்கை இல்லை என்றால் ஜிமெயிலில் மூணு புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போய்ப் பாருங்கள், டூ வரியில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். அதற்கு மேலே இருக்கிற புரியாத வரிகளைத்தான் அடுத்த எபிசோடில் ஒவ்வொன்றாகப் படிக்கப்போகிறோம், கேட்பதற்கு முன்னாடி ஒரு மெயிலை இப்படித் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.